நேபிடோ அணிவகுப்புக்குப் போனது யார்?

கொள்ளிடத்தான்: “ஜனநாயகத்தின் பெயரால் இரட்டை வேடம் போடுவது அமெரிக்காவின் வழக்கம், இந்தியா யாருக்கும் பாடம் எடுத்ததில்லை, யாரையும் கைவிட்டதும் இல்லை” என்று வடமலை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மியான்மரின் ஜனநாயகத் தலைவி ஆங் சான் சூகிக்கு நேரு விருது அளித்ததும், 2005இல் தொடங்கிய ஐ.நா. ஜனநாயக நிதியத்துக்கு ஒரு கோடி டாலர் தந்ததும் இந்தியாதானே? ஆனால் 2007 செப்டம்பரில் யாங்கோன் தெருக்களில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நாட்களிலேயே, நம் பெட்ரோலிய அமைச்சர் முரளி தியோரா எரிவாயு ஒப்பந்தங்களுக்காக மியான்மரில் இருந்தார். 2021 மார்ச் 27இல், ஆட்சியைப் பறித்து இரண்டு மாதம்கூட ஆகாத ராணுவம் மியான்மர் தலைநகர் நேபிடோவில் நடத்திய அணிவகுப்புக்கும் இந்தியப் பிரதிநிதி போனார். அன்று ஒரே நாளில் அதே ராணுவத்தின் கையால் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

வடமலை: பிரதிநிதி என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது நேர்மையன்று. ரஷ்யா தன் பாதுகாப்புத் துணை அமைச்சரையே மாஸ்கோவிலிருந்து அனுப்பியது. டெல்லியிலிருந்து எவரும் போகவில்லை. அங்குள்ள நம் தூதரகத்தின் ராணுவ அதிகாரி போனார், அது அவருடைய வழக்கமான பணி. 1,600 கிலோமீட்டருக்கு மேல் எல்லையும், அதற்கு அப்பால் வடகிழக்குத் தீவிரவாதிகளின் முகாம்களும் உள்ள நாடு, அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொண்டு வாழ முடியாது.

தென்றல்வாசி: ஜனநாயகத்தை ஊக்குவித்தல் என்று எதைச் சொல்கிறோம்? நிதி தருவதையா, கண்டிப்பதையா, உறவை முறிப்பதையா? அதை முதலில் வரையறுத்துக்கொண்டால் இந்த வாதத்துக்குப் பயன் இருக்கும்.

கொள்ளிடத்தான்: டெல்லியிலிருந்து போனாரா, யாங்கோனிலிருந்து போனாரா என்பதா கேள்வி? அவர் அங்கே போனார் என்பதே கேள்வி. ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் மியான்மரில் முதலீடுகள் இல்லையா? அவ்விரு நாடுகள் உட்படப் பன்னிரண்டு நாடுகளின் படைத்தலைவர்கள் சேர்ந்து அந்த ராணுவத்தைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். நம் அதிகாரியோ சீனாவும் பாகிஸ்தானும் இருந்த வரிசையில் இருந்தார்.

வடமலை: ஜப்பானுக்கு மணிப்பூரின் மோரேயும் மியான்மரின் தமுவும் எல்லை ஊர்களா? இந்தியா வன்முறையைக் கண்டித்ததையும் மறைக்கிறீர்கள். மாலத்தீவு விவாதத்திலும் இப்படித்தான் பாதியை மட்டும் எழுதினீர்கள். சுட்டிக்காட்டியதும் காணாமல் போனீர்கள்.

கொள்ளிடத்தான்: காணாமல் போகவில்லை, பதில் அங்கேயே கிடக்கிறது. தேர்தலில் வென்ற மாலத்தீவு அதிபர் நஷீத் 2012 பிப்ரவரியில் பதவி விலக வைக்கப்பட்டபோது, மறுநாளே அவரிடத்தில் அமர்ந்த துணை அதிபர் வாஹீதுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதியது டெல்லி. அதற்கு அன்றும் உங்களிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. 2021 ஜூனில் மியான்மர் ராணுவ ஆட்சியைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தபோது இந்தியா ஏன் ஒதுங்கி நின்றது என்பதற்காவது பதில் சொல்லுங்கள்.

ரங்கூன் பேரன்: எங்கள் தாத்தா பர்மாவின் (இன்றைய மியான்மர்) ராணுவ ஆட்சியில் கடையை இழந்து, கையில் ஒன்றுமில்லாமல் 1964இல் கப்பலில் சென்னை வந்து இறங்கியவர். அந்த ராணுவம் யாரென்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வடமலைக்கு உரிமை உண்டு. ஆனால் அதை வழக்கமான பணி என்பது எங்களைப் போன்றவர்களைப் புண்படுத்துகிறது.

வடமலை: உங்கள் தாத்தாவின் துயரத்தை நான் மதிக்கிறேன். அவரைப் போன்றவர்களில் சிலர் நடந்தே பர்மாவுக்குத் திரும்ப முயன்று, முடியாமல் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் கோவிலும் இருக்கின்றன. எல்லை வணிகத்தால் பிழைத்த அந்த மக்களைக் கேட்டால், நேபிடோவோடு உறவை முறிக்கச் சொல்ல மாட்டார்கள்.

ரங்கூன் பேரன்: மோரே மக்களின் சார்பில் பேச உங்களை யார் நியமித்தது?

கொள்ளிடத்தான்: மோரேயைக் காட்டி அணிவகுப்பை மறைக்க வேண்டாம். உறவை முறிக்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. தூதரகம் இருக்கட்டும், வணிகம் நடக்கட்டும். அந்த ஒரு நாள் அந்த நாற்காலி காலியாக இருந்திருந்தால் இந்தியாவுக்கு என்ன இழப்பு?

வடமலை: மீண்டும் சொல்கிறேன், போனவர் தூதரக அதிகாரி.

கொள்ளிடத்தான்: நானும் மீண்டும் சொல்கிறேன், அவர் அணிந்திருந்தது இந்திய ராணுவச் சீருடை.