அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தை

கண்முன்னே ஒருவரை மட்டம் தட்டுகிறார்கள். அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கொள்கை விளக்கம் வேண்டாம். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.

அலுவலக ஊழியர்: கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு யோசனை சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. சிறிது நேரத்தில் மூத்தவர் ஒருவர் அதையே சொன்னதும் ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். நான், "இதை முதல்ல சொன்னது அவங்கதானே சார், மீதியையும் அவங்களே சொல்லட்டும்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. மூத்தவரும், "ஆமாம்மா, நீங்க சொல்லுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு: ஒருவர் பேச்சு அமுங்கினால் இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லி மீட்டெடுப்போம்.

செவிலியர்: நோயாளியின் உறவினர் என் சக செவிலியரின் உச்சரிப்பைக் கேலி செய்து, "ஒழுங்கா பேசத் தெரிஞ்ச ஆளை அனுப்புங்க" என்றார். "இந்த வார்டுல நரம்பு பார்த்து ஊசி போடறதுல இவங்களை மிஞ்ச ஆளில்ல. இவங்கதான் பார்ப்பாங்க" என்றேன். வெளியே வந்ததும் தோழி, "அடுத்த முறை நானே பேசிக்கறேன்டி, நீ பக்கத்துல நின்னா போதும்" என்றாள். அதன்பிறகு அப்படித்தான்.

ரயில் பயணி: முக்காடு போட்ட பெண் ஒருவரிடம் ஒரு ஆள் மதத்தைச் சொல்லி ஏசிக்கொண்டிருந்தான். நான் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, அடுத்த ஸ்டேஷன் எது?" என்று பேச்சுக் கொடுத்தேன். கேட்க ஆளில்லாமல் அவன் பேச்சு தேய்ந்துபோனது. பொது இடத் துன்புறுத்தலுக்கு எதிராக இயங்கும் 'ரைட் டு பி' அமைப்பு கற்றுத்தரும் ஐந்து வழிகளில் இந்தத் திசைதிருப்பலும் ஒன்று. வேறொருவரைத் துணைக்கு அழைப்பது, நடப்பதைப் பதிவு செய்வது, பிறகு போய் விசாரிப்பது, நேரடியாகத் தட்டிக்கேட்பது ஆகியவை மற்ற நான்கு. வீராவேசமாகப் பேச விரும்புகிறவர்களுக்கு, நேரடியாகத் தட்டிக்கேட்பதைத் தவிர மற்றதெல்லாம் சப்பென்றுதான் இருக்கும்.

சக்கர நாற்காலியில் இருப்பவள்: நான் உதவி பெறும் பக்கம். என்னை விட்டுவிட்டு, கூட வந்தவளிடம் "இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். என் தோழி பதிலே சொல்ல மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். கேட்டவரும் தானாக என் பக்கம் திரும்புவார். எனக்கு வந்த உதவிகளில் இதுதான் ஆகச் சிறந்தது. ஆக மோசமானது, முன்பின் தெரியாத ஒருவர் எனக்காகக் கவுண்டரில் சண்டை போட்டது. கூட்டமே என்னை வேடிக்கை பார்த்தது. இரண்டு பேரையும் நானே சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. இன்னொன்று, வீடியோ எடுத்தால் என்னைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.

உளவியல் மாணவர்: 1968-இல் லாட்டனே, டார்லி இருவரும் நடத்திய சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வரும் சத்தம் இன்டர்காமில் கேட்கும். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். சும்மா இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பலருக்குக் கை நடுங்கியது. அதனால் நான் "யாராவது வாங்க" என்று கத்துவதில்லை. "நீலச் சட்டை அண்ணா, கண்டக்டரைக் கூப்பிடுங்க" என்பேன், ஆள் அசைவார். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று மூன்று நாடுகளின் நகரங்களில் பதிவான 219 தெருச் சண்டைகளின் கேமராக் காட்சிகளை அலசியது. பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது குறுக்கிட்டிருந்தார்கள். ஆனால் கைகலப்பு கண்ணுக்குத் தெரியும். குத்தல் பேச்சில் அப்படியா? அடுத்தவர் சிரிக்கிறாரா என்று பார்த்துத்தான் நாமும் சிரிக்கிறோம். அங்கே நான், "புரியலையே, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிடுவேன்.

ஒப்பந்தத் தொழிலாளி: மேலாளரிடம் அப்படிக் கேள்வி கேட்டால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது தம்பி. நிரந்தர வேலையில் இருப்பவர்கள் கேட்கட்டும். அவர் ஒரு பெண்ணின் சாதியை இழுத்துப் பேசியபோது நான் வாய் திறக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவளிடம், "தேதி, நேரத்தோட எழுதி வச்சிருக்கேன்மா. புகார் கொடுத்தா சாட்சி சொல்றேன், வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுடறேன்" என்றேன். ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டாள். விசாரணை இன்னும் நடக்கிறது.