போன் வந்தால் பூட்டு திறக்கலாமா? தலைவாசல் ஆட்டோமேஷன் விவாதம்

மூணாம்மாடி:
அடுக்குமாடி வீடு. ஒற்றைத் தேக்குக் கதவு, அதற்கு வெளியே இரும்பு கிரில். வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடுகிறது, கூடவே ஜிக்பீ (வீட்டுக் கருவிகள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை) டாங்கிள், அதாவது யுஎஸ்பியில் செருகும் ரேடியோ குச்சி. கதவில் ஜிக்பீ பூட்டு மாட்டியாகிவிட்டது. இரண்டு ஆட்டோமேஷன் (‘இது நடந்தால் இதைச் செய்’ என்ற விதி) எழுதப் போகிறேன். ஒன்று, பூட்டு திறந்து 5 நிமிடம் ஆனால் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு, என் போன் வீட்டு எல்லைக்குள் வந்ததும் தானே திறக்க வேண்டும். இதில் தப்பு ஏதும் உண்டா?

சாவிக்கொத்து:
ரெண்டாவதை எழுதவே எழுதாதீங்க. ஹோம் அசிஸ்டன்ட்ல வீட்டு ஸோனோட (மேப்ல வீட்டைச் சுத்திப் போடற வட்ட எல்லை) ஆரம், நீங்க மாத்தாத வரைக்கும் 100 மீட்டர். தெருமுனை டீக்கடையில நிக்கும்போதே மூணாவது மாடிக் கதவு திறந்துடும். அதுகூடப் பரவாயில்லை, ராத்திரிதான் மோசம். போன் தலைமாட்டுல சார்ஜ்ல கிடக்கும். கான்கிரீட்டுக்குள்ள ஜிபிஎஸ் சரியாக் கிடைக்காம செல் டவரை வெச்சு இடத்தைக் குத்துமதிப்பாப் போடும். மேப்ல உங்க புள்ளி நானூறு மீட்டர் தள்ளிப் போயி மறுபடி வீட்டுக்கு வரும். சிஸ்டம் பார்வையில நீங்க வெளியே போயிட்டுத் திரும்பிட்டீங்க. விடியக்காலை மூணு மணிக்கு மோட்டார் சுத்தித் திறக்கும். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது.

மின்மினி:
சாவிக்கொத்து சொல்வது உண்மைதான். ஆனால் அது ஒரே நிபந்தனையை வைத்து எழுதுவதால் வரும் வினை. இப்படி எழுதிப் பாருங்கள். போன் குறைந்தது 10 நிமிடம் வெளியே இருந்திருக்க வேண்டும். ஸோனுக்குள் வந்ததும் கதவைத் திறக்காமல் ‘வருகிறார்’ என்று ஒரு கொடியை (சிஸ்டத்துக்குள் வைக்கும் ஆம்/இல்லை குறிப்பு) மட்டும் ஏற்றுங்கள், ஆயுள் 5 நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் போன் வீட்டு வைஃபையில் புதிதாக இணைந்தால்தான் திறக்க வேண்டும். ஜிபிஎஸ் துள்ளும் இரவில் போன் வைஃபையிலேயேதான் இருக்கிறது, ‘புதிதாக இணைவது’ நடக்காது. கதவு திறக்காது.

சாவிக்கொத்து:
நடக்காதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார். சில போன் திரை அணைஞ்சு கொஞ்ச நேரத்துல வைஃபையை விட்டுட்டு, அப்புறம் எழுந்து பிடிக்கும். அதுவும் ஜிபிஎஸ் துள்ளலும் ஒரே ராத்திரியில சேர்ந்தா? அபூர்வம்தான். ஆனா இது பல்பு இல்லை, தலைவாசல்.

வைஃபைக்குப் பதிலா புளூடூத் வெச்சுக்கலாம்னு அடுத்து யாராவது வருவாங்க, அதுக்கும் சேர்த்தே சொல்லிடறேன். 2022ல என்சிசி குரூப்ங்கிற கணினிப் பாதுகாப்புக் கம்பெனி ஆட்கள் புளூடூத் சிக்னலை ரெண்டு கருவி வெச்சுக் கடத்தி, போன் பக்கத்துல இருக்கிற மாதிரி ஏமாத்திக் காட்டினாங்க. அதுல டெஸ்லா காரும் உண்டு, வீட்டு ஸ்மார்ட் பூட்டும் உண்டு. ‘பக்கத்துல இருக்கார்’ங்கிறது வேற, ‘திறக்கச் சொன்னார்’ங்கிறது வேற.

மின்மினி:
நம் ஊர்த் திருடன் ரேடியோ கருவியோடு வருவதில்லை, கடப்பாரையோடு வருகிறான். ஆனால் அந்தக் கடைசி வரியை ஏற்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது: தானாகத் திறக்காமல், ‘வருகிறார்’ கொடி ஏறியதும் போனுக்கு ‘திற’ பொத்தானோடு ஓர் அறிவிப்பு. அல்லது கதவு நிலைச் சட்டத்தில் ஓர் என்எஃப்சி டேக் (போனை அருகில் காட்டினால் படிக்கும் சிறு சிப்). ஆண்ட்ராய்டில் திரைப்பூட்டு எடுத்தால்தான் டேக் படிக்கும். எந்தப் போன் படித்தது என்பதும் ஹோம் அசிஸ்டன்டுக்கு வரும். அதை நிபந்தனையில் சேர்த்துவிட்டால் டேக்கை யார் நகலெடுத்தாலும் பயனில்லை.

சாவிக்கொத்து:
போனை எடுத்து, திரையைத் திறந்து, டேக்ல காட்டுறதுக்குள்ள பூட்டுலயே விரலை வெச்சிருக்கலாமே? அது ஒரு நொடி. நெட்டும் வேண்டாம், ராஸ்பெர்ரி பையும் வேண்டாம்.

மின்மினி:
ரேகை தேய்ந்த பெரியவர்களுக்கு? பாத்திரம் தேய்த்த ஈரக் கைக்கு? மூன்று தடவை வைத்தும் எடுக்காமல் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள்.

சாவிக்கொத்து:
அவங்களுக்குத்தான் நம்பர் பேட் இருக்கு. ஆளுக்கு ஒரு ரகசிய நம்பர் (கோடு) கொடுங்க. எந்தக் கோடு எப்ப அடிச்சாங்கன்னு பதிவும் இருக்கும்.

கீல்எண்ணெய்:
ரெண்டு பேரும் திறக்கிறதைப் பத்தியே சண்டை போடறீங்க. தம்பி எழுதப்போற முதல் ஆட்டோமேஷன்தான் கதவை உடைக்கும். ‘5 நிமிடம் ஆனால் பூட்டு’ன்னா, கதவு விரியத் திறந்து கிடக்கும்போதும் மோட்டார் நாக்கை (பூட்டுல இருந்து நீண்டு துளைக்குள்ள போற உலோகக் கட்டை) வெளியே தள்ளும். அடுத்து காத்துல கதவு சாத்தும், நீட்டிக்கிட்டு இருக்கிற நாக்கு நிலைச் சட்டத்துல மோதும். தேக்கு நிலைன்னா சில்லு பெயரும், நாக்கு வளைஞ்சா பூட்டே போச்சு. அதைவிடப் பெரிய கொடுமை, திரையில ‘பூட்டியாச்சு’ன்னு பச்சையாக் காட்டும். நாக்கு எங்க இருக்குன்னுதான் பூட்டுக்குத் தெரியும், கதவு எங்க இருக்குன்னு தெரியாது.

கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு சொல்ற காந்த சென்சார் ஒண்ணு போடு. கீல் பக்கம் வைக்காதே, அங்க கதவு பாதி திறந்தாலும் இடைவெளி அதிகம் வராது. கைப்பிடி பக்கத்து மேல் மூலை. காந்தமும் சென்சாரும் சாத்தின நிலையில ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். சாத்தினபடி கதவை முன்னும் பின்னும் ஆட்டிப்பாரு, சென்சார் காட்டற ‘மூடியது’ மாறக்கூடாது.

அப்புறம் இப்படி எழுது: கதவு ‘திறந்தது’ல இருந்து ‘மூடியது’க்கு மாறி 10 விநாடி ஆகணும், பூட்டு திறந்திருக்கணும், அப்பத்தான் பூட்டு. 15 விநாடி காத்திரு. ‘பூட்டியது’ன்னு வரலைன்னா கதவு இன்னும் மூடித்தான் இருக்கான்னு பார்த்து ஒரே ஒரு தடவை மறுபடி முயற்சி. ‘ஜாம்டு’ன்னு (நாக்கு சிக்கிடுச்சு) வந்தா அந்த ஒரு தடவையும் வேண்டாம், போனுக்குச் சொல்லிட்டு நிறுத்து. சுத்த முடியாத மோட்டாரைத் திரும்பத் திரும்பச் சுத்தவிட்டா பல்சக்கரம் பல் போயிடும்.

பூட்டுக்குள்ளயே ‘ஆட்டோ லாக்’ இருந்தா அணைச்சிடு. கதவு சென்சார் இல்லாத பூட்டுல அது வெறும் கடிகாரம். உன் ஆட்டோமேஷன் ஒரு பக்கம், அது ஒரு பக்கம் இழுக்கும்.

மின்மினி:
அண்ணன் சொன்னதோடு இரண்டு சேர்க்க வேண்டும். ட்ரிகரில் (ஆட்டோமேஷனைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு) ‘10 விநாடி’ என்று வைத்த காத்திருப்பு, இடையில் ஹோம் அசிஸ்டன்ட் ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும். கதவு மூடியிருக்கும், பூட்டாமலே கிடக்கும். ஆகவே சிஸ்டம் எழுந்ததும் ஒருமுறை, இரவு 11 மணிக்கு ஒருமுறை, ‘மூடியிருக்கிறது ஆனால் பூட்டவில்லை’ என்பதைச் சரிபார்க்கும் தனி ட்ரிகர் வேண்டும். இரண்டாவது, ‘மூடியது’ என்பதை மட்டும் கொடுத்து, எதிலிருந்து என்பதைக் காலியாக விடாதீர்கள். சென்சார் தொடர்பு அறுந்து ‘அன்அவெய்லபிள்’ ஆகித் திரும்பினாலும் அது கதவை இப்போதுதான் சாத்திய மாதிரி ஓடும்.

மூணாம்மாடி:
கீல்எண்ணெய் அண்ணே, நன்றி. சென்சார் போட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம். கரண்ட் போனால் பூட்டு ‘அன்அவெய்லபிள்’ ஆகிறது. பூட்டு பேட்டரியில்தானே ஓடுகிறது, ராஸ்பெர்ரி பையும் இன்வெர்ட்டரில் இருக்கிறது?

மின்மினி:
பூட்டுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஏதாவது இருக்கிறதா? அது சிக்னலை வாங்கிக் கடத்தும்; பூட்டு அதன் வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கும். அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லையென்றால் கரண்ட் போனதும் நடுப்பாலம் இடிந்தது. வாசலுக்கு அருகில் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயின்டில் ஒரு பிளக்கை வைத்து, பூட்டை அதன் வழியாக மறுபடி இணையுங்கள். டாங்கிளை நேராகப் பையில் செருகாமல் ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்சி வயரில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல், ஜிக்பீ பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது.

சாவிக்கொத்து:
பேட்டரி சதவீதத்தையும் நம்பாதீங்க. அது வோல்டேஜ் கணக்கு, அல்கலைனுக்குப் போட்டது. 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் செல் போட்டா முதல் நாளே பாதின்னு காட்டும். லித்தியம் ஏஏ போட்டா மாசக்கணக்கா நிறைஞ்சே காட்டிட்டு ஒரே நாள்ல செத்துடும். அல்கலைனே போடுங்க, நாலையும் ஒண்ணா மாத்துங்க.

இன்னொண்ணு. அமெரிக்காவுல இருக்கிற மச்சான் இசட்-வேவ் (ஜிக்பீ மாதிரி இன்னொரு ரேடியோ முறை) பூட்டு வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. அங்க 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுல 865.2. இங்க வாங்கின இசட்-வேவ் டாங்கிளோட அது பேசவே பேசாது. பூட்டோட கிளவுடையும் (கம்பெனி சர்வரோட இருக்கிற இணையத் தொடர்பு) கூடியவரை வெட்டி விடுங்க. 2017ல லாக்ஸ்டேட்ங்கிற அமெரிக்கக் கம்பெனி வேற மாடலுக்கான அப்டேட்டைத் தவறுதலா அனுப்பி, சுமார் 500 பூட்டு செயலிழந்து போச்சு. ஏர்பிஎன்பி வாடகை வீடுகள்ல தங்க வந்தவங்களுக்குக் கோடு வேலை செய்யலை.

மின்மினி:
திறப்பதில் ஒரே ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புகை அலாரம் அடித்தால் தலைவாசல் தானே திறக்க வேண்டும்.

சாவிக்கொத்து:
வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டா வீடு திறந்து கிடக்கணுமா? வத்தக்குழம்புக்கு மிளகாய் கிள்ளிப் போட்டா? உள்ளே இருக்கிறவங்களுக்குப் பூட்டுலயே திருகு குமிழ் இருக்கு. கையால திருப்பினா பேட்டரி இல்லாமலே திறக்கும். அது இல்லாத பூட்டை வாங்கவே கூடாது.

மின்மினி:
மயங்கிக் கிடப்பவர் எப்படித் திருப்புவார்? வெளியிலிருந்து தேக்குக் கதவை உடைக்க எத்தனை நிமிடம் ஆகும்? சமையலறைக்கு வெளியே இரண்டு சென்சார் வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அடித்து, வீட்டில் ஆளும் இருந்தால் மட்டும் திறக்கட்டும்.

கீல்எண்ணெய்:
ராத்திரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுக்கிற வீட்டுல உங்க ரெண்டு பேர் வாதமும் ஒண்ணுதான். எந்த மோட்டார் வந்து தாழ்ப்பாளை எடுக்கும்? வெளி கிரில் பூட்டையும் மறந்துட்டீங்க. மின்மினி சொல்றதைச் செய்யறதா இருந்தா முதல்ல அந்த ரெண்டையும் யார் எடுக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க.

கிரிலுக்கு 12 வோல்ட் காந்தப் பூட்டு போடலாம்னு சிலர் சொல்வாங்க. கரண்ட் இருந்தா பிடிக்கும், போனா விடும். அதுக்கு பேட்டரி பேக்கப் கொடுத்தா தீ நேரத்துல அதுவும் பிடிச்சுக்கிட்டே நிக்கும். உள்பக்கம் ஒரு அவசர பட்டன், அந்த 12 வோல்ட் வயரையே நேரா வெட்டற மாதிரி இருக்கணும். ஹோம் அசிஸ்டன்ட் வழியாப் போகக்கூடாது.

மூணாம்மாடி:
ஜிபிஎஸ் திறப்பை விட்டுவிட்டேன், அறிவிப்புப் பொத்தான் மட்டும். புகைக்கு இப்போதைக்கு எதுவும் எழுதவில்லை. ஆனால் பூட்டும்போது மோட்டார் முனகுகிறது, நாலில் ஒரு தடவை ‘ஜாம்டு’ வருகிறது. நிலையில் உள்ள துளையை அரம் வைத்துப் பெரிதாக்கிவிடலாமா?

கீல்எண்ணெய்:
அரத்தைக் கீழே வை. முதல்ல நாக்கு முனையில கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில குழைச்சுத் தடவு. கதவைச் சாத்திக் கையால பூட்டித் திற. நிலைத் தகட்டுல (நாக்கு நுழையற துளை இருக்கிற உலோகத் தகடு) சிவப்பு எங்க ஒட்டியிருக்குன்னு பாரு. கீழ் விளிம்புலன்னா கதவு தொங்கிடுச்சு, மேல் கீல் திருகு தளர்ந்திருக்கும். அதை முறுக்கு. பிடிக்கலைன்னா பழைய திருகைக் கழட்டிட்டு அதே தடிமன்ல நீளமானது போடு. பக்க விளிம்புலன்னா மழை ஈரத்துல மரம் ஊதியிருக்கு, தகட்டை ஒரு மில்லி நகர்த்து. எங்கயுமே ஒட்டலைன்னா துளை ஆழம் பத்தலை, நாக்கு முழுசா நீள முடியாம அடியில முட்டுது. நாக்கு நீளத்தை அளந்து அதைவிட 3 மில்லி கூட ஆழமாக் குடை. கதவைத் தோளால தள்ளாம, ஒரே விரலால பூட்ட முடியற வரைக்கும் மோட்டாரை ஓட்டாதே.