வீட்டில் செய்யும் பைக் டைனோ: கிராஃப் ரம்பப் பல் மாதிரி வருவது ஏன்?

கேள்வி:
150 சிசி பைக்கின் பின்சக்கர பவரை அளக்க இனர்ஷியா டைனோ (பின்சக்கரம் ஒரு கனமான உருளையைச் சுழற்றும், அது வேகமெடுப்பதிலிருந்து பவரைக் கணக்கிடுவது) செய்கிறேன். உருளைக்கு 450 மிமீ வெளிவிட்டம், 40 மிமீ சுவர், 400 மிமீ நீளமுள்ள இரும்புக் குழாய். உள்ளே இரு முனையிலும் 12 மிமீ தகடு வெல்டிங். உருளையில் ஒரே காந்தம், எதிரே ஹால் சென்சார் (காந்தம் கடப்பதை உணர்வது). மைக்ரோகண்ட்ரோலர் சுற்று நேரத்தை மில்லிவினாடியில் எண்ணுகிறது. பவர் கிராஃப் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. இரண்டாம் கியரில் நான்காம் கியரைவிடப் பவர் குறைவாகக் காட்டுகிறது. எங்கே தவறு? பேசாமல் பிரேக் டைனோவே (பிரேக்கால் சுமை கொடுத்து அளப்பது) செய்துவிடலாமா?

பதில் 1:
ரம்பப் பல்லுக்குக் காரணம் மில்லிவினாடிதான். உங்கள் குழாய் சுமார் 162 கிலோ, தகடுகள் இரண்டும் 20 கிலோ. நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகம் மாறுவதை உருளை எதிர்க்கும் அளவு) ஏறக்குறைய 7.2 கிலோ சதுர மீட்டர். 1000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 60 மில்லிவினாடி. அந்த வேகத்தில் 8 கிலோவாட் கொடுத்தால் ஒரு சுற்றில் வேகம் கூடுவது 0.6 சதவீதம்தான். எண்ணுவதில் 1 மில்லிவினாடி பிசகினால் 1.7 சதவீதம். அளக்க வேண்டியதைவிடப் பிழை பெரிது, அப்புறம் கிராஃப் எப்படி நேராக வரும்? டைமரின் இன்புட் கேப்ச்சர் (பல்ஸ் வந்த கணத்தைத் தானே பதிவது) வசதியைப் பயன்படுத்தி மைக்ரோவினாடியில் எண்ணுங்கள்.

ஒற்றைக் காந்தத்துக்குப் பதில் 60 பல் சக்கரம் போடுவதும் நல்லது. ஆனால் பக்கத்துப் பற்களுக்கு இடையே நேரம் பார்க்காதீர்கள், பல் வெட்டிய பிசகு அப்படியே பவரில் தெரியும். ஒரு பல் கடந்ததிலிருந்து அதே பல் திரும்ப வரும்வரை எடுங்கள்.

கணக்கு: கோண முடுக்கம் × 7.2 = முறுக்குவிசை. அதை உருளையின் ஆர்பிஎம்மால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாட்.

கியர் விஷயத்தில் சென்சார் மேல் குறையில்லை. கீழ் கியரில் எஞ்சின் வேகமாக ஏறுவதால் ஃப்ளைவீல், கிளட்ச், சக்கரம் இவற்றைச் சுழற்றவே பவரில் கூடுதல் பங்கு போய்விடும். எப்போதும் நான்காம் கியரிலேயே ஓட்டி ஒப்பிடுங்கள்.

பதில் 2:
7.2 என்பது வரைபடக் கணக்கு. குழாய்ச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது, அளந்தே பாருங்கள். பைக்கை இறக்கிவிட்டு, உருளை மேல் மெல்லிய கயிற்றைச் சுற்றி 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு விடுங்கள். 7.2 சரியென்றால் 1 மீட்டர் இறங்க ஏறக்குறைய 1.76 வினாடி. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் செய்தால் 0.1 வினாடி பிசகு முடிவில் 11 சதவீதமாகிவிடும், ஏனென்றால் நேரம் வர்க்கமாக வருகிறது. ஒரு மீட்டருக்கு உருளை முக்கால் சுற்றுகூட வராது என்பதால் ஒற்றைக் காந்தமும் உதவாது. பல் சக்கரத்தின் பல்ஸ்களை எடுங்கள். 5 கிலோவிலும் ஒரு தடவை செய்தால் பேரிங் உராய்வைப் பிரித்துவிடலாம்.

ரன் முடிந்ததும் கிளட்சைப் பிடித்துத் தானாக ஓய விடுங்கள். அப்போதைய வேகக் குறைவிலிருந்து டயர், செயின் இழப்பு கிடைக்கும். அதே வேகத்தில் அளந்த பவரோடு அதைக் கூட்டுங்கள். டயர் காற்றும் ஸ்ட்ராப் இறுக்கமும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இல்லாவிட்டால் இந்த இழப்பு மாறிக்கொண்டே இருக்கும். நாள் விட்டு நாள் ஒப்பிட எஸ்ஏஇ ஜே1349 திருத்தம் (காற்றின் சூடும் அழுத்தமும் மாறுவதை ஈடுகட்டும் தரக் கணக்கு) போடுங்கள்: 25 டிகிரி, உலர் காற்றழுத்தம் 99 கிலோபாஸ்கல்.

பதில் 3:
பிரேக் டைனோ வேறு வேலைக்கு. ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி கார்புரேட்டர் ஜெட் மாற்றிப் பார்க்க அதுதான் வேண்டும். ஆனால் சூட்டைக் கணக்கில் எடுங்கள்: 10 கிலோவாட்டை 30 வினாடி பிடித்தால் 300 கிலோஜூல், 4 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் சுமார் 160 டிகிரி ஏறும். அடுத்தடுத்துப் பிடித்தால் பேட் வழுக்கி ரீடிங் இறங்கும். தண்ணீர் பிரேக் என்றால் 30 டிகிரி ஏற்றத்துக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டம் தேவை. லோட் செல்லை (விசை அளக்கும் சென்சார்), பிரேக்கின் 0.5 மீட்டர் நெம்புகோல் கையில் 20 கிலோ தொங்கவிட்டு 98.1 நியூட்டன் மீட்டர் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். கை கிடைமட்டமாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் அந்த உருளையை பேலன்ஸ் செய்தீர்களா? வெல்டிங் முடிந்த பிறகு ஷாஃப்டோடு லேத்தில் கடைந்து, டைனமிக் பேலன்ஸ் (சுழலவிட்டு எடையைச் சமன் செய்வது) போட வேண்டும். எடை மையம் 0.5 மிமீ விலகினாலே 90 கிமீ வேகத்தில் 1,100 நியூட்டன் விசை, வினாடிக்கு 17 தடவைக்கு மேல் பேரிங்கை உலுக்கும். உருளையைச் சுற்றித் தடித்த தகட்டுக் கூண்டு, உருளைக்கென்று தனி பிரேக், முன்சக்கரத்துக்குக் கிளாம்ப், பின்பக்கம் இரண்டு ஸ்ட்ராப். இவை இல்லாமல் த்ராட்டிலைத் தொடாதீர்கள்.