ஜாகுவார் இ-டைப் காரை லைட்வெயிட் மாடல் மாதிரி மாத்தினா கெட்டுப்போயிடுமா?

கேள்வி: இங்கிலாந்துல ஒருத்தர் தன்னோட 1964 ஜாகுவார் இ-டைப் ஸ்போர்ட்ஸ் காரை, ஜாகுவாரே ரேஸுக்காக எடை கொறச்சு கட்டின 'லைட்வெயிட்' இ-டைப் மாதிரி மாத்திருக்கார், வீடியோ பாத்தேன், சத்தமே மிரட்டுது. ஒரிஜினல்ல அப்படி என்ன ஸ்பெஷல்? இப்படி மாத்தினா மதிப்பு போயிடாதா?

பதில்: ஒரிஜினல் லைட்வெயிட் 1963-64ல மொத்தமே 12தான் கட்டினாங்க, ஆனா 18க்கு சேஸி நம்பர் ஒதுக்கியிருந்தாங்க. ஸ்டீல் பாடிக்கு பதிலா அலுமினியம், 3.8 லிட்டர் இன்ஜின் பிளாக்கும் அலுமினியம், அதனால நூறு கிலோவுக்கு மேல எடை கொறஞ்சுது. மிச்சம் 6 காரை அரை நூற்றாண்டு கழிச்சு 2014லதான் ஜாகுவாரே கட்ட ஆரம்பிச்சாங்க, கூத்தப் பாருங்க!

பதில்: மாத்தட்டும், மதிப்பு போகாம இருக்க கழட்டுன பார்ட்ஸ மட்டும் பத்திரமா வெச்சுக்கணும். நானா இருந்தா பிரேக், ரேடியேட்டரத்தான் மொதல்ல பாப்பேன், டிராஃபிக்ல நின்னா சூடாயிடும் அந்த வண்டி.

கேள்வி கேட்டவர்: அப்ப சத்தம் கடைசிலதானா 😄