சங்கக்கடைச் சுவரை இடிக்கத்தான் வேண்டுமா?

பாலைப்பழம்:
கோயில் திருவிழாவுக்கு கனடாவிலிருந்து ஊருக்குப் போய் வந்தேன். பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் சின்ன ஊர் எங்களுடையது. பழைய சங்கக்கடை, கூட்டுறவுச் சங்கத்தின் கடை, இன்னும் நிற்கிறது. நிற்கிறது என்றால், ஓடு இல்லை, தீராந்தி இல்லை, கதவு நிலைகூட இல்லை. நாலு சுவரும் முன் விறாந்தையும்தான். அதை இடித்துவிட்டு முன்பள்ளி கட்டப் போகிறார்களாம்.

விறாந்தை மூலையில் மண்ணெண்ணெய்ப் பரல் நின்ற இடத்தில் கறுப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. குனிந்து மணந்து பார்த்தேன், சிரிக்காதீர்கள். ஆட்டுப் புழுக்கை மணம்தான் வந்தது. ஆனாலும் ஒன்பது வயதில் போத்தலோடு வரிசையில் நின்றது, பின்னால் நின்றவன் என் காற்சட்டைப் பையில் பாலைப்பழத்தைப் போட்டு நசித்தது, எல்லாம் வந்துவிட்டது. படியில் சீமெந்து காய முதல் ஒரு நாய் நடந்த தடம்கூட அழியவில்லை. நாங்கள் சின்ன வயதில் பார்த்த கட்டடம் வன்னியில் எத்தனை மிச்சம்? இதையாவது விடக்கூடாதா?

கருக்குமட்டை:
அண்ணை, நீங்கள் பதினைந்து நாள் நின்றீர்கள். நான் அந்தச் சுவருக்குப் பக்கத்து வளவு. மாரியில் உள்ளே தண்ணீர் தேங்கி நுளம்பு, கோடையில் புடையன். பிள்ளைகள் இப்போது மாமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டித்தான் படிக்கிறார்கள். தறப்பாளைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது, போர் முடிய எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் அதற்குள் இருந்தது போதும். அவர்களுக்கும் நாளைக்கு நினைத்துப் பார்க்க ஒரு கட்டடம் வேண்டாமா?

முறிகண்டிக் கடலை:
பாலைப்பழம், உங்களுக்கு அந்த வரிசை இனிக்கிறது, எனக்கு இனிக்கவில்லை. 1993, 94 இருக்கும், பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் சுற்றிய திரியைக் கொளுத்தினால் அதுதான் விளக்கு. அதைச் சுற்றி நாங்கள் நாலு பிள்ளைகள். படிக்கிறவருக்குப் பக்கத்தில் விளக்கு, மற்றவர்கள் கேட்டுக் கொண்டிருக்க வேண்டும். அந்த எண்ணெய்க்காக நாலு மணித்தியாலம் நின்று, என் முறை வந்தபோது "முடிஞ்சுது பிள்ளை" என்றார்கள். எங்கள் ஊர்ச் சங்கக்கடை வேறு, ஆனால் பரல் வட்டம் எல்லாம் ஒன்றுதான். வெறும் போத்தலோடு திரும்பி நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கால் உளையும்.

அதற்காக இடியுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் வாய்க்கால்:
நான் கட்டட வேலைக்காரன், அதனால் முதலில் சுவரைப் பார்க்கிறேன். கூரை போன சுவரின் தலைப்பால் ஒவ்வொரு மாரியும் தண்ணீர் இறங்கும், கற்களுக்கு நடுவே சாந்து உதிரும், வெடிப்பில் அரசங்கன்று முளைக்கும். பாலைப்பழம் போட்ட படத்தில் இரண்டு கன்று தெரிகிறது. தள்ளினால் விழாது, ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் அது நிற்கக்கூடாது.

அப்புறம், சிதைந்ததை வைத்திருந்தால் நினைவு நிற்கும் என்பதும் சந்தேகம். இறுதிப் போரில் தகர்க்கப்பட்டுச் சரிந்த கிளிநொச்சி நீர்த்தாங்கியை விழுந்தபடியே காட்சிக்கு வைத்தார்கள், பக்கத்தில் நினைவுப்பொருள் கடை வேறு. தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் படமெடுத்துப் போனார்கள். அதிலிருந்து குழாயில் தண்ணீர் குடித்தவர்களின் கதை அங்கே எங்கே இருந்தது?

பாலைப்பழம்:
அந்த உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது. அங்கே பலகையில் எழுதியது வேறு ஆட்கள். சங்கக்கடையில் நாங்களே எழுதலாம்.

கருக்குமட்டை:
யார் அந்த நாங்கள்? எழுதிவிட்டு விமானம் ஏறுவீர்கள், புல்லுச் செருக்கப் போவது நான்.

1990இல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் எப்போதோ பங்கருக்குப் போயிருந்தன, நிலையமும் புதிது. பழைய நிலையம்தான் வேண்டும் என்று யாராவது அழுதார்களா? ஏறிப் போனார்கள்.

என் கதையையும் கேளுங்கள். ஐந்தரை லட்சம் ரூபா இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தபோது, பழைய மண்வீட்டுத் திண்ணையை நானே மண்வெட்டியால் கொத்தி அள்ளினேன். அப்பா மிதித்துக் குழைத்த மண். காசு கட்டம் கட்டமாகத்தான் வரும், அத்திவாரம் முடித்தால்தான் அடுத்தது. நின்று யோசிக்க நேரமில்லை. இப்போது புதுத் திண்ணையில் அம்மா இருக்கிறா, பழையதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

முறிகண்டிக் கடலை:
கேட்கவில்லை என்றால் மறந்துவிட்டா என்று எடுக்கிறீர்களா தம்பி?

கருக்குமட்டை:
அது எனக்குத் தெரியாது அக்கா.

மூன்றாம் வாய்க்கால்:
சண்டை வேண்டாம். சுவர் போகட்டும், படியை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுக்கலாம், அரை நாள் வேலை. முன்பள்ளிக்கும் வாசலில் படி வேண்டும்தானே. நாய்த் தடத்தோடு அப்படியே பதிக்கலாம்.

பாலைப்பழம்:
சரி, வெட்டுக் கூலி என் பொறுப்பு. பரல் வட்டத்தையும் சேர்த்து எடுக்க முடியுமா?

மூன்றாம் வாய்க்கால்:
அது விறாந்தைத் தரை. தூக்கினால் உடைந்துபோகும்.

கருக்குமட்டை:
படிக்கு நான் மறிக்கவில்லை. ஆனால் அண்ணை, அது நாய் இல்லை. எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டி. பூச்சு மேசன் அதைத் துரத்தின துரத்தில் அப்பாவோடு பெரிய வாய்த்தர்க்கம், வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள்.

பாலைப்பழம்:
ஆடா? அது நாய்தான். மனேச்சர் வீட்டுச் சிவலை நாய் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

கருக்குமட்டை:
நீங்கள் போட்ட படத்தையே பெருப்பித்துப் பாருங்கள். நாயென்றால் நாலு விரல் பதிந்திருக்கும். இது இரண்டாகப் பிளந்த குளம்பு.