நெடுந்தீவுக் கிளைக்கு அட்மின் உரிமை குடுக்கலாமோ?

கொக்குவிலான்:
எங்கட தலைமை ஒபிஸ் யாழ்ப்பாணம் டவுனில, கிளை ஒண்டு நெடுந்தீவில. அங்க ஆராவது பாஸ்வேர்டைப் பிழையா அடிச்சு அக்கவுண்ட் லொக் ஆனா எங்களுக்குக் கோல் வரும், நாங்கள் மீட்டிங்கில நிண்டா அந்தப் பிள்ளை கவுண்டரில சனத்தை வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கவேணும். நேர போறதெண்டா குறிகாட்டுவானுக்கு பஸ், அங்கால ஒரு மணித்தியாலம் படகு, கடல் அடிச்சா அதுவும் இல்லை. அங்க வேலை தெரிஞ்ச தம்பி ஒராள் நிக்கிறார், அவருக்குக் கொஞ்ச உரிமை குடுக்கத்தான் வேணும் எண்டுறன்.

கதவடைச்சான்:
வேண்டாம் அண்ணை. கொஞ்சம் எண்டு தொடங்கி டொமைன் அட்மினிலதான், அதாவது முழு நெட்வேர்க்குக்குமான உரிமையிலதான், போய் நிக்கும். முந்தி நான் வேலை செய்த இடத்தில கிளைக்காரருக்கு பிரிண்டர் போட எண்டு டொமைன் அட்மின் குடுத்தவை, அவர் அதே அக்கவுண்டில மெயில் பாத்து ஒரு அட்டாச்மெண்டைத் திறக்க, வைரஸ் ஏறி ஃபைல் சேர்வர் முழுக்க லொக். நாலு பேரும் விடிய விடிய பேக்கப்பில இருந்து எடுத்தது.

கொக்குவிலான்:
அது டொமைன் அட்மின் குடுத்த பிழை, நான் கேக்கிறது அதில்லை தம்பி. ஆக்டிவ் டைரக்டரியில (விண்டோஸ் நெட்வேர்க்கில அக்கவுண்டுகள் எல்லாம் இருக்கிற இடம்) நெடுந்தீவுக்கு எண்டு தனி ஓயூ, ஃபோல்டர் மாதிரி ஒரு பிரிவு, அந்த அக்கவுண்டுகள் மட்டும் அதுக்குள்ள, உரிமை பிரிச்சுக் குடுக்கிற டெலிகேஷன் விசார்டில ஒரு குரூப்புக்கு பாஸ்வேர்ட் ரீசெட் உரிமை மட்டும். ஆள் மாறினா குரூப்பில இருந்து எடுத்தாச் சரி. அன்லொக் அந்த ரெடிமேட் லிஸ்டில இல்லை, கஸ்டம் டாஸ்க்கில போய் அக்கவுண்ட் லொக் ஆன நேரத்தை வச்சிருக்கிற லொக்கவுட்டைம் எண்டதுக்கு ரீட், ரைட் ரெண்டும் குடுக்கவேணும், கனபேர் இதில மாட்டுப்பட்டுத்தான் வெறுத்துப்போய் பெரிய உரிமையைத் தூக்கிக் குடுக்கிறவை.

கதவடைச்சான்:
சரி, அந்த ஓயூவுக்குள்ள கிளை மனேஜரும் இருக்கிறார்தானே? பொடியன் அவற்ற பாஸ்வேர்டை ரீசெட் பண்ணிப்போட்டு அவராவே லொகின் பண்ணிக் கடன் அப்ரூவ் பண்ணினா? ரீசெட் சின்ன உரிமை எண்டு நினைக்காதேங்கோ, அது ஆளையே கையில குடுக்கிற உரிமை.

சுன்னாகம்நெட்:
இடையில வாறன், குறை நினைக்காதேங்கோ. கதவடைச்சான் சொல்லுறது உண்மையான ஆபத்து, அதாலதான் மனேஜர், காசு அப்ரூவ் பண்ணுற ஆக்கள் எல்லாரையும் அந்த ஓயூவுக்கு வெளியில வைக்கவேணும். ரீசெட் நடந்தா லொகின் எல்லாம் சரிபாக்கிற சேர்வரான டொமைன் கொன்ட்ரோலரில 4724 எண்ட நம்பரோட ஈவென்ட் பதிவு விழும், அன்லொக்குக்கு 4767, ரெண்டையும் மெயிலில வரப் பண்ணுங்கோ. ஐபி (பிசியின்ர நெட்வேர்க் விலாசம்) மாத்தவும் வேணுமெண்டா அங்கத்தைய பிசியில நெட்வேர்க் கொன்பிகரேஷன் ஒபரேட்டர்ஸ் குரூப் காணும். அக்கவுண்ட் ஒபரேட்டர்ஸ் எண்ட ரெடிமேட் குரூப்பைத் தொடாதேங்கோ, அது ஒரு ஓயூவோட நிக்காது, டொமைன் முழுக்கப் போகும். டிஎன்எஸ் சேர்வரைப் பாக்கிற டிஎன்எஸ்அட்மின்ஸ் குரூப்பும் வேண்டாம், அதில இருக்கிற ஆள் டொமைன் கொன்ட்ரோலரிலயே தான் விரும்பின டிஎல்எல் (புரோகிராம் ஃபைல்) ஏத்தலாம் எண்டு 2017இலயே வெளியில வந்திட்டுது.

கொக்குவிலான்:
மனேஜர் விசயம் நான் யோசிக்கேல்லை, நல்ல கேள்வி. அவரை வெளியில எடுக்கிறன். நெடுந்தீவுத் தம்பிக்கு இந்த வேலைக்கெண்டு தனி அக்கவுண்ட், அதில மெயில் இல்லை.

கதவடைச்சான்:
இவ்வளவும் செய்தா ரீசெட்டுக்கு நான் ஓம். ரவுட்டர் பாஸ்வேர்டும் அவருக்குக் குடுக்கிறது எண்டு வந்தா இப்பவும் இல்லைதான். அதில ஒரு லைன் பிழைச்சா லிங்க் விழும், பேந்து நீங்களும் ரிமோட்டில உள்ள போகேலாது, படகுதான்.