எம்டிஆர் டிபி மருந்து சாப்பிட்டவங்க யாராவது இருக்கீங்களா? கால் எரிச்சல் பத்தி கேக்கணும்

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 26 வயசு, மூணு மாசம் முன்னாடி சளி டெஸ்ட்ல சாதாரண டிபி இல்ல, டிபிக்கு முக்கியமா குடுக்குற ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் ரெண்டு மருந்துமே கேக்காத எம்டிஆர் வகைன்னு வந்துச்சு. இப்போ கவர்மென்ட் ஆஸ்பத்திரில இலவசமா பெடாகுலின், ப்ரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் நாலும் சேந்த 6 மாச கோர்ஸ் போகுது, ஊசி கிடையாது. முன்னாடி இதுக்கே ஒன்றரை ரெண்டு வருசம், மாசக்கணக்குல ஊசி, அதுல காது கேக்காம போனவங்க கூட உண்டு, அத நினைச்சுதான் மனச தேத்திக்கிறோம்.

சளி கல்ச்சர் (சளில டிபி கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) நெகட்டிவ் ஆயிடுச்சு, 4 கிலோ ஏறியிருக்கான். ஆனா 10வது வாரத்துல இருந்து ரெண்டு பாதமும் மரத்துப்போய் ராத்திரியானா எரியுதுங்கிறான், தூக்கமே இல்ல. லினசோலிட் 600 மி.கி. டோஸ் நரம்ப பாதிக்கும், ரத்தமும் குறையும், கண் பார்வையும் செக் பண்ணணும்னு டாக்டர் சொன்னாங்க, வர்ற திங்கக்கிழமை பாத்துட்டு 300 ஆக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். இவன் அதுக்குள்ள எல்லாத்தையும் நிறுத்திடுறேன்னு அடம் பிடிக்கிறான், எனக்கு அதான் பயம், பாதில விட்டா இந்த மருந்தும் கேக்காம போயிடுமே.

இதே கோர்ஸ் முடிச்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், டோஸ் குறைச்சதும் எரிச்சல் அடங்குச்சா, எத்தன நாளாச்சு? பெடாகுலின் சாப்பாட்டோட குடுத்தாலும் குமட்டுது, நீங்க என்ன சாப்பிட்டீங்க? முடிஞ்சா யாராவது அவன்கிட்ட பத்து நிமிசம் போன்ல பேசுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான், அனுபவிச்சவங்க சொன்னா கேப்பான். இன்பாக்ஸ்ல வாங்க.